முதன்மைப் பெட்டி

ஜனவரி 9

அக்காவுக்கு,

போனை வைத்தவர்தான் மறுபடி கூப்பிட வேண்டும் என்பது நம் வீட்டு விதி. நவம்பரில் வைத்தது நீ. அதனால் நான் கூப்பிட முடியாது, மெசேஜும் அனுப்ப முடியாது. கடிதத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அந்த விதியைப் போட்ட வயதில் தபால்தலை எங்கே விற்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது. இப்போதும் எனக்குத் தெரியவில்லை, நாலு பேரைக் கேட்டு அலைந்துதான் வாங்கினேன்.

சண்டையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு யோசனை கேட்கத்தான். நம் கேம் பெட்டியில் புது மாடல் வந்திருக்கிறதே, உங்கள் கடைக்கு வந்ததா? இது அடுத்த தலைமுறைப் பெட்டி இல்லை. நம் இருவரிடமும் இருக்கிற அதே பெட்டிதான், கொஞ்சம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதே விளையாட்டுகள்தான் ஓடும். இதில் மட்டும் ஓடும் என்று ஒரு விளையாட்டும் கிடையாது. பழையதில் ஒவ்வொரு முறையும் கேட்கும் அல்லவா, படம் தெளிவாக வேண்டுமா, ஓட்டம் சீராக வேண்டுமா என்று? புதியதில் இரண்டும் சேர்ந்தே கிடைக்குமாம்.

எனக்கு ஆசையாக இருக்கிறது, மறைக்கவில்லை. என் பெட்டியும் முன்போல இல்லை. லாரி விளையாட்டில் மலைப்பாதை ஏறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வந்து “மிக்ஸி ஏதும் ரிப்பேரா தம்பி?” என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆனால் பாதித் தலைமுறையில் ஒரு பெட்டியை மாற்றுவது புத்திசாலித்தனமா, கொழுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ நாள் முழுக்க டிவி விற்கிறவள். எது சரக்கு, எது வெறும் பேச்சு என்று உனக்குத் தெரியும். வாங்கலாமா?

மாமாவைக் கேட்டதாகச் சொல். லிஃப்ட் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறார் அல்லவா?

தம்பி

*

ஜனவரி 18

தம்பிக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான். மாமாவைக் கூப்பிடாமல் நானே படித்து முடித்தேன்.

வாங்காதே.

ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன். எங்கள் கடைச் சுவரில் பழைய டிவியையும் புது டிவியையும் ஒட்டி ஒட்டி மாட்டியிருக்கிறோம். இரண்டிலும் ஒரே கிளி, ஒரே பழத்தைக் கொத்தும். வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். “வித்தியாசத்தை நீங்களே பாருங்க சார்” என்பேன். பொய் இல்லை, வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டில் ஒன்றைத்தானே மாட்டுவார்? பக்கத்தில் வைத்தால் மட்டும் தெரிகிற வித்தியாசம், பக்கத்தில் வைக்க முடியாத இடத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. இதைக் கடையில் சொன்னால் மேனேஜர் என்னைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார். உனக்குச் சொல்கிறேன்.

அடுத்தது உன் டிவி. வேலை மாறிப் போன யாரோ விட்டுச்சென்றதை வாங்கி வைத்திருக்கிறாய். அந்த டிவியால் காட்ட முடியாததைப் பெட்டி அனுப்பி என்ன பயன்? அதுவும் போக, புதியதில் டிஸ்க் போட வழியே இல்லை, அதைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கதவைத் தனியாக விற்கிற வீட்டை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? மிக்ஸி சத்தத்துக்குப் புதுப் பெட்டி தேவையில்லை. பின்பக்கத்தைத் திறந்து தூசியைத் தட்டு, அடங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. நீ வேலைக்குக் கிளம்பியபோது வீட்டுப் பெட்டியை எனக்கு விட்டுவிட்டு, அங்கே போய் உனக்கென்று ஒன்று வாங்கினாய். ஆனால் உன் கணக்குக்கு என் பெட்டியையே முதன்மைப் பெட்டியாக வைத்துவிட்டுப் போனாய். ‘நான் எங்கிருந்து எது வாங்கினாலும் உனக்கும் திறக்கும் அக்கா’ என்றாய். அப்படித்தான் நடக்கிறது. நீ வாங்குகிறாய், இரண்டு பேரும் விளையாடுகிறோம். கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, காலைத் தூக்கி முக்காலியில் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுவதுதான் எனக்கு ஓய்வு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முன்னால் உன் லாரி போகும், பின்னால் என் லாரி போகும். நவம்பரிலிருந்து தனியாகத்தான் ஓட்டுகிறேன். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பெட்டி இருக்கிறது, அது போதும் என்கிறேன்.

சண்டையைப் பற்றி நீ எழுத வரவில்லை, சரி. நான் எழுதுகிறேன். நீ திரும்பி வருவாய் என்று பின்னறைக்குப் பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தேன். ‘வேலையை நிரந்தரம் பண்றாங்களாம்’ என்று நவம்பரில் போனில், உன் தண்ணீர் ஆலையில் குழாயின் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னாய். போனை வைத்தது சரிதான். கூப்பிட மாட்டேன்.

மாமா நன்றாக இருக்கிறார். லிஃப்டில் மாட்டுவது ஏறுகிறவர்கள்தானாம், மெக்கானிக் இல்லையாம். சொல்லச் சொன்னார்.

அக்கா

*

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

வாங்கிவிட்டேன். திட்டிக்கொள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சொன்னது அத்தனையும் சரி. தூசியும் தட்டினேன், சத்தமும் குறைந்தது. இருந்தாலும் சம்பளம் வந்த அன்று கால் தானாகக் கடைக்குப் போய்விட்டது. பழையதை அங்கேயே கொடுத்துவிட்டுப் புதியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என் வேலையை நீ பார்த்ததில்லை. தண்ணீர் சுத்திகரிக்கிற ஆலையில் கண்காணிப்பு அறை. ஒரு சுவர் நிறையத் திரைகள், திரை நிறைய எண்கள். எண்கள் அசையாமல் இருந்தால் நல்ல நாள். அசைந்தால் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும். எதுவும் அசையக்கூடாது என்று நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு, எதையாவது அழகாக அசையவிட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்காதா?

வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பாய். முதல் நாள் தெரிந்தது. மழையில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, முன் கண்ணாடியில் துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு தாமதமாகி அபராதம் விழுந்தது. நாலைந்து நாளில் பழகிவிட்டது. இப்போது பழைய பெட்டி எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை. ஆக, உன் கிளிக் கணக்கு சரிதான். ஆனாலும் கொடுத்துவிடத் தோன்றவில்லை.

பின்னறைக்குப் பெயிண்ட் அடித்தது எனக்குத் தெரியாது.

தம்பி

*

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுத வேண்டியதாகிவிட்டது.

கடையில் தள்ளுபடி விற்பனை, ஒரு வாரத்துக்கு மேல் பெட்டியைத் தொடவே இல்லை. நேற்று வேலை முடிந்து வந்து போட்டேன். லாரி விளையாட்டின் மேல் பூட்டுப் படம். அதற்குப் பக்கத்தில் இருந்ததிலும் பூட்டு. வரிசையாக எல்லாவற்றிலும் பூட்டு. அழுத்தினால், இதை விளையாட உங்களுக்கு உரிமை இல்லை என்று வருகிறது. மாமா வந்து பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். லிஃப்டுக்குச் செய்கிற வைத்தியம் இதற்குப் பலிக்கவில்லை.

இன்றைக்குக் கடையில் கேம் கவுண்ட்டரில் இருக்கிற பெண்ணைக் கேட்டேன். “கணக்கு வச்சிருக்கிறவரு வேற பெட்டிய முதன்மையா மாத்திட்டாருங்க்கா. தானா ஆகாது, அவரு மாத்தினாத்தான் ஆகும்” என்றாள்.

வாங்காதே என்று சொன்னதற்கு இப்படிச் செய்தாயா? கோபம் இருந்தால் நாலு வார்த்தை எழுதியிருக்கலாமே. போனை வைத்தால் மறுபடி எடுக்கலாம். நீ போகும்போது எனக்கென்று செய்துவைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டாய்.

அழுதேன். லாரிக்காக அழவில்லை. நீ அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது.

அக்கா

*

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக இல்லை.

நடந்தது இதுதான். புதுப் பெட்டியை முதன்முதலாகப் போட்டால் அது கேள்வி மேல் கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த நேரம், எந்த வைஃபை, பழைய பெட்டியில் இருந்ததைக் கொண்டுவரலாமா, அதை அனுமதிக்கலாமா, இதை அனுமதிக்கலாமா. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். விளையாடுகிற அவசரம். நடுவில் எங்கோ ஓரிடத்தில் ‘இதையே உங்கள் முதன்மைப் பெட்டியாக வைக்கலாமா’ என்று கேட்டிருக்கிறது. அதற்கும் ஆமாம் போட்டிருக்கிறேன். உனக்கு அங்கே பூட்டு விழும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? நான்தானே அதைச் செய்து வைத்தவன். ஆலையில் இப்படிப் படிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

திருத்திவிடலாம், கஷ்டமில்லை. இதோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். அதில் என் கணக்கின் பாஸ்வேர்டு இருக்கிறது. உன் பெட்டியில் என் கணக்கோடு நுழைந்து, அமைப்புகளுக்குப் போய், இதை முதன்மைப் பெட்டியாக்கு என்பதை அழுத்து. பூட்டெல்லாம் போய்விடும்.

உன்னை நான் பூட்டுவேனா, அக்கா?

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

படிக்காமல் அழுத்தினாய் என்பதை நம்புகிறேன். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமல் எழுந்து வந்தவன்தானே நீ.

பாஸ்வேர்டு போட்டேன். அதை ஏற்றுக்கொண்டது. அடுத்து, உங்கள் போனுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்று நின்றுவிட்டது. எண் வந்தது உன் போனுக்கு. அதற்கு ஆயுள் சில நிமிடம்தானாம். நம் தபாலின் வேகம் உனக்கே தெரியும். மறுபடி அனுப்பு என்று அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

என் போன் மடியில்தான் இருந்தது. உன் பெயரைத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சமையலறையிலிருந்து “கூப்பிட்டுத் தொலையேன்” என்றார். கூப்பிடவில்லை.

விதியைச் சொன்னால் நான்தான் கூப்பிட வேண்டும், எனக்குத் தெரியும். வீம்பு என்று நினைப்பாய். வீம்பு இல்லை. கூப்பிட்டால் எண்ணைச் சொல்வாய். எண்ணைச் சொன்ன பிறகு ‘நான் வரலக்கா’ என்பாய். நவம்பரில் அந்த வார்த்தை உன் வாயில் வந்துகொண்டிருந்தது, எனக்குக் கேட்டுவிட்டது. அது வெளியே வருவதற்குள் வைத்துவிட வேண்டும் என்றுதான் வைத்தேன். கோபத்தில் வைத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

பூட்டு அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

அக்கா

*

பிப்ரவரி 28

அக்காவுக்கு,

நீ அழுத்திய எண்கள் அத்தனையும் எனக்கு வந்தன. சாயங்கால ஷிஃப்டில் இருந்தேன். கண்காணிப்பு அறையில் போன் சிணுங்கக்கூடாது. அன்றைக்கு அது சிணுங்கிக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, நம்பர் நம்பரா வருது? யாரோ உன் கணக்குல நுழையப் பாக்குறாங்க போல.”

“இல்ல சார். எங்க அக்கா.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முக்காலியில் காலைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் நீ உட்கார்ந்திருக்கிறாய், போன் கையிலேயே இருக்கிறது. நானே கூப்பிட்டு எண்ணைச் சொல்லியிருக்கலாம். விதியாவது மண்ணாவது என்று தோன்றவும் செய்தது. ஆனால் நீ பயந்ததற்கே நானும் பயந்தேன். கூப்பிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு எண்ணும் வருவதையும் காலாவதியாவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி எண் வந்த பிறகு போன் அமைதியாகிவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரலக்கா. இனி போனில் இதை நான் சொல்லவும் வேண்டாம், நீ கேட்கவும் வேண்டாம்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கலங்கிய தண்ணீர் ஒரு பக்கம் வந்து, தெளிந்து இன்னொரு பக்கம் ஊருக்குள் போகிறது. நான் ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் தேடுகிறார்கள். வேறு எங்கேயும் என்னை யாரும் இப்படித் தேடியதில்லை, உன்னைத் தவிர. நிரந்தரம் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் குழாய் அளவு மாதிரி சொன்னேன். பின்னறையில் கட்டில் போட்டு வைத்திருந்தாய் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஷிஃப்ட் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு போனைக் கையிலேயே வைத்திருப்பேன். கூப்பிடு.

தம்பி

*

மார்ச் 15

அக்காவுக்கு,

அதுதான் பேசியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கடிதம் என்பாய். பழகிவிட்டது. வாங்கிய தபால்தலைகளும் மீதி இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் சொன்ன முதல் எண்ணைத் தப்பாகப் போட்டாய், இரண்டாவதைச் சரியாகப் போட்டாய். பூட்டுகள் விலகுகிற சத்தம் என் காதில் கேட்டது போல இருந்தது. அப்புறம் “சாப்டியா?” என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். வேறு என்ன பேசினோம் என்று யோசித்தால், மாமாவின் முழங்கால் வலியைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் வைக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து வைத்தோம், கவனித்தாயா? அடுத்து யார் கூப்பிட வேண்டும் என்று விதியில் இல்லை.

வெள்ளிக்கிழமை லாரிக்கு நான் வரவில்லை, மன்னித்துவிடு. ஆலைக்குக் குழாய் பதிக்கத் தோண்டியபோது நெட் வருகிற கம்பியையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். இங்கே அடிக்கடி நடக்கிற கூத்துதான். அது சரியாவதற்கு ஒரு வாரம் ஆகலாம் என்கிறார்கள். பரவாயில்லை, நிறையப் படிக்கிறேன், துணி எல்லாம் துவைத்து மடித்து வைத்தாகிவிட்டது.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

நீ துணி மடித்து வைத்தாய் என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நெட் இல்லையென்றால் என்னோடு சேர்ந்து ஓட்ட முடியாது, சரி. தனியாக ஓட்டலாமே? அந்தக் கேம் கவுண்ட்டர் பெண்ணையே மறுபடி கேட்டேன். முதன்மைப் பெட்டிக்குத்தான் நெட் தேவையில்லையாம். மற்றப் பெட்டி ஒவ்வொரு தடவையும் நெட்டில் உன் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் திறக்குமாம். எனக்குப் பூட்டைத் திறந்துவிட்டு, நெட் போகிற நாளெல்லாம் நீ புதுப் பெட்டியை வெறும் டப்பாவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அன்றைக்குப் போனில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. உன்னை என்ன சொல்வது.

ஒரு வேலை செய்துவிட்டேன். லாரி விளையாட்டை என் கணக்கில் நானே வாங்கினேன். நீ வைத்திருக்கிற மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம், அதில் பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக நான் ஓட்டிய தூரம், வாங்கிய லாரிகள் எல்லாம் என் கணக்கில்தான் இருந்திருக்கின்றன, அப்படியே வந்துவிட்டன. அதனால் உன் கணக்குக்கு உன் பெட்டியையே முதன்மையாக்கிக்கொள். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. நன்றாக யோசித்து, மாமாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் அது இருக்கட்டும். இந்தத் தடவை கேள்வியை முழுக்கப் படித்துவிட்டு ஆமாம் போடு.

பின்னறையில் மாமா அவருடைய கருவிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுக்கிக்கொள்ளட்டும். கட்டிலை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். லீவில் வந்தால் நீ தரையிலா படுப்பாய்?

இரண்டு நாளாக ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்று நீ கேட்டபோது அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. கடையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். உன் ஊரையும் அப்படித்தான் பார்க்காமலே வேண்டாம் என்றிருக்கிறேன். வந்து பார் என்று எத்தனையோ தடவை நீ கூப்பிட்டாய். கடையில் ஆள் இல்லை, மாமாவுக்கு முழங்கால், மழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வந்து பார்த்தால் எனக்கும் பிடித்துப்போய்விடுமோ என்று பயம். பிடித்துப்போனால் உன்னைத் திரும்பி வா என்று எந்த முகத்தோடு கேட்பது? இப்போதுதான் அந்தக் கேள்வியே இல்லையே.

ஏப்ரலில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். மாமாவும் வருகிறார். உங்கள் ஆலையில் லிஃப்ட் இருக்கிறதா என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் எந்தப் பக்கம் கலங்கி வருகிறது, எந்தப் பக்கம் தெளிந்து போகிறது என்று நீ காட்ட வேண்டும். உன்னைத் தேடுகிற அந்த மேற்பார்வையாளரையும் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடி மழையையும் உன் டிவியிலேயே பார்த்துவிட்டு, வாங்கியது சரியா தப்பா என்று நேரில் சொல்கிறேன்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புதுப் பெட்டியோடு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வந்திருக்கும். இன்னொன்று வாங்கி வை.

அக்கா